நீலப் புள்ளி ஏன் பின்தெருவில் நிற்கிறது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் போன் மேப் நம் இடத்தைக் காட்டுவது பற்றி ஒருவர் கேட்டதற்கு நாலு வரியில் பதில் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். விடவில்லை நீங்கள். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான், அதிலும் பாதி புகார். சரி, இந்த முறை முழுக்க இடம் காட்டும் சமாச்சாரமே.

கேள்வி: சார், எங்கள் வீடு தி.நகரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஐந்து மாடி. சாப்பாடு ஆர்டர் செய்தால் டெலிவரி தம்பி பின்தெருவில் நின்றுகொண்டு "அக்கா, மேப்ல இங்கதான் காட்டுது" என்கிறார். அதே போனை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் பக்கம் சொந்த ஊருக்குப் போனால் நீலப் புள்ளி களத்துமேட்டில் நச்சென்று உட்காருகிறது. சென்னையில்தானே திரும்பின பக்கமெல்லாம் டவர், அப்புறம் ஏன் இப்படி? – வாசகி, தி.நகர்

பதில்: முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம் அம்மா. டவர் வேறு, ஜிபிஎஸ் வேறு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு "இப்போது மணி இத்தனை, நான் இந்த இடத்தில் இருக்கிறேன்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சேதி வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து உங்கள் போன் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. ஒளி வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால், நேரத்தில் ஒரு மைக்ரோ வினாடி பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும். போனுக்குள் இருக்கும் கடிகாரம் அந்த அளவுக்கு ஒசத்தி இல்லை. அதனால்தான் குறைந்தது நான்கு செயற்கைக்கோள் வேண்டும் என்கிறார்கள், மூன்று உங்கள் இடத்துக்கு, நான்காவது போன் கடிகாரத்தின் பிசகைக் கண்டுபிடிக்க.

இப்போது உங்கள் சந்துக்கு வருவோம். அவ்வளவு தூரத்திலிருந்து வரும் சிக்னல் கைக்கு வந்து சேரும்போது எவ்வளவு மெலிந்திருக்கும் தெரியுமா? ஒரு வாட்டை நூறு கோடி கோடியாகப் பங்கு போட்டால் கிடைக்கும் ஒரு பங்கு. கான்கிரீட் சுவரைத் தாண்டி வர அதற்குத் தெம்பு கிடையாது. ஆனால் எதிர்க் கட்டிடத்தின் கண்ணாடியில் பட்டுத் தெறித்து வரும். அங்கேதான் வம்பு. நேரே வர வேண்டிய சிக்னல் அடைபட்டு, தெறித்தது மட்டும் 50 மீட்டர் கூடுதலாகச் சுற்றிக்கொண்டு வந்தால், போனுக்கு அது சுற்றி வந்தது என்று தெரியாது, அந்தச் செயற்கைக்கோள் 50 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று நம்பிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. சந்துக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள், தெரு போகும் திசையில் ஒரு கீற்று வானம்தான் தெரியும். அந்தக் கீற்றில் இருக்கும் செயற்கைக்கோள்கள் தெருவின் நீளவாக்கில் நீங்கள் எங்கே என்பதை ஓரளவு ஒழுங்காகச் சொல்லிவிடும். குறுக்குவாக்கில், அதாவது நீங்கள் இந்தப் பக்கமா, எதிர்ப் பக்கமா, பின்தெருவா என்று சொல்ல வேண்டியவை எல்லாம் கட்டிடத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டன. டெலிவரி தம்பி தெருக்கோடிக்குப் போகாமல் சரியாகப் பின்தெருவுக்குப் போவது அதனால்தான். அவர் மேல் குற்றமில்லை.

உத்திரமேரூர் களத்துமேட்டில் அடிவானம் வரை வானம் திறந்து கிடக்கிறது, செயற்கைக்கோளுக்கு அது போதும். நகரத்தில் வானம் குறைவு, டவர் ஜாஸ்தி. கிராமத்தில் வானம் முழுசு, டவர் கம்மி. ஒன்று கைவிடுகிற இடத்தில் இன்னொன்று குவிந்து கிடக்கிறது, இரண்டையும் சேர்த்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். தோன்றியது, இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக முயன்றுகொண்டிருக்கிறார்கள், பாதி வென்றிருக்கிறார்கள். அந்தக் கதையைக் கீழே ஒரு மாணவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கு உடனடி வைத்தியம்: வீட்டுக்குள் சோபாவில் உட்கார்ந்து 'என் இடம்' என்று அமுக்காதீர்கள். மேப்பைப் பெரிதாக்கி, விரலால் குறியை இழுத்து உங்கள் வாசல் மேல் வைத்துச் சேமித்துவிடுங்கள். உங்கள் விரலைவிடத் துல்லியமான கருவி அந்தச் சந்தில் இப்போதைக்கு இல்லை.

கேள்வி: மலையேறப் போகிறோம். சிம் இல்லாமல், நெட் இல்லாமல் ஜிபிஎஸ் வேலை செய்யுமா? – வாசகர், தேனி

பதில்: செய்யும். ஜிபிஎஸ்ஸைப் பொறுத்தவரை போன் வெறும் ரேடியோப் பெட்டி மாதிரி, கேட்கும், பேசாது. ஆனால் இரண்டு விஷயம். மேப் படத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைத் திரையில் நீலப் புள்ளி மட்டும் அழகாக இருக்கும். அடுத்தது, முதல் தடவை இடம் காட்டக் கொஞ்சம் நேரம் எடுக்கும். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை வினாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் அனுப்புகிறது. ஒரு கோள் தன் சொந்த விவரத்தை முப்பது வினாடிக்கு ஒருமுறைதான் திரும்பச் சொல்லும், எல்லாக் கோள்களின் தோராயப் பட்டியலும் முழுதாக வந்து சேர பன்னிரண்டரை நிமிடம். ஊரில் நமக்கு ஏன் இது தெரிவதில்லை என்றால், அதே விவரங்களை மொபைல் நெட்வொர்க் வழியாகப் போன் ஒரு நொடியில் வாங்கிக்கொள்கிறது. 'ஏ-ஜிபிஎஸ்' என்று போன் அட்டைப்பெட்டியில் போட்டிருக்குமே, அந்த 'ஏ' இதுதான், அதாவது ஒத்தாசை. டவரும் செயற்கைக்கோளும் கைகோத்த முதல் இடம் இது என்று சொல்லலாம். மலையடிவாரத்தில் சிக்னல் இருக்கும்போதே ஒருமுறை மேப்பைத் திறந்து பார்த்துவிட்டு ஏறுங்கள்.

கேள்வி: சினிமாவில் "டவர் லொகேஷன் கிடைச்சிருச்சு சார்" என்றதும் போலீஸ் ஜீப் நேராகக் கதவை உடைக்கிறது. நிஜத்தில் அவ்வளவு துல்லியமா? – வாசகர், திருச்சி

பதில்: டவரை மட்டும் வைத்து அந்தக் கதவு வரை போக முடியாது. ஒரு டவரில் பொதுவாக மூன்று பக்கம் ஆன்டெனா இருக்கும், நீங்கள் எந்தப் பக்கத்து ஆன்டெனாவில் இருக்கிறீர்கள் என்பது முதல் தகவல். அது ஒரு பீட்சா துண்டு மாதிரி, நகரத்தில் சில நூறு மீட்டர், கிராமத்தில் பல கிலோமீட்டர். அடுத்து, உங்கள் போனின் சிக்னல் டவரை அடைய ஆகும் நேரத்தை டவர் அளந்து, "கொஞ்சம் முந்திப் பேசு" என்று போனுக்குச் சொல்லும். பழைய 2ஜியில் இந்த அளவுகோலின் ஒரு படி சுமார் 550 மீட்டர். 4ஜியில் அது 78 மீட்டராகக் குறைந்தது. அப்போதும் கிடைப்பது ஒரு வளைவுப் பட்டைதான், அந்தப் பட்டையில் எத்தனை வீடு, எத்தனை கதவு! நாலைந்து டவர் சேர்ந்து அளந்தால் கதை வேறு, ஆனால் சாதாரணமாக நெட்வொர்க் பதிவேட்டில் இருப்பது அதுவல்ல.

கேள்வி: நான் ஈசிஇ மூன்றாம் வருடம் படிக்கிறேன். செயற்கைக்கோளையும் மொபைல் டவரையும் சேர்த்து நகரத்துக்குள் இடம் கண்டுபிடிப்பது பற்றி ப்ராஜெக்ட் செய்யலாம் என்று இருக்கிறேன். இரண்டையும் எப்படிச் சேர்க்கிறார்கள்? ஏன் இன்னும் சரியாக வரவில்லை? – மாணவர், கோவை

பதில்: நல்ல தலைப்பு தம்பி. கொஞ்சம் நீளமாகப் போகும், டீ போட்டுக்கொண்டு உட்கார்.

யோசனை எளிது. இடமும் நேரமும் தெரிந்த எந்த டிரான்ஸ்மிட்டரையும் 'தாழப் பறக்கும் செயற்கைக்கோள்' என்று வைத்துக்கொள்ளலாம். உன் தெருவில் மூன்று கோள்தான் தெரிகிறது என்றால் ஒரு டவர் நான்காவதாக வந்து உட்காரலாம். அதன் சிக்னல் செயற்கைக்கோள் சிக்னலைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலுவானது, வீட்டுக்குள்ளும் வரும். அதைவிட முக்கியம், அது பக்கவாட்டிலிருந்து வருகிறது. தி.நகர் அம்மாவுக்குச் சொன்னேனே, குறுக்குவாக்கில் ஆள் இல்லை என்று, அந்த ஓட்டையை அடைக்க டவர்தான் பொருத்தமான ஆள்.

சிக்கல் கடிகாரத்தில். ஜிபிஎஸ் கோளில் அணுக் கடிகாரம் இருக்கிறது. டவர் பேசுவதற்காகக் கட்டியது, மணி பார்ப்பதற்காக அல்ல. நம் 5ஜி நெட்வொர்க்கில் பக்கத்துப் பக்கத்து டவர்கள் ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்க அவற்றின் கடிகாரம் ஒன்றரை மைக்ரோ வினாடிக்குள் ஒத்துப்போனால் போதும். பேச்சுக்கு அது தாராளம். தூரம் அளக்கப் போனால் அதே ஒன்றரை மைக்ரோ வினாடி 450 மீட்டர்! இதில் வேடிக்கை என்னவென்றால், டவர் தன் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வதும் பெரும்பாலும் ஒரு ஜிபிஎஸ் ரிசீவரை வைத்துத்தான். மாடியில் டவருக்குப் பக்கத்தில் காளான் மாதிரி ஒரு வெள்ளைக் குமிழ் இருந்தால், அதுதான் அந்த ரிசீவரின் ஆன்டெனா.

இந்தக் கலவைக்கு விதை போட்டது அமெரிக்காவின் அவசர அழைப்பு எண்ணான 911. செல்போனிலிருந்து அவசர அழைப்பு வந்தால் ஆள் எங்கே என்று தெரிய வேண்டும் என்று அவர்களின் தொலைத்தொடர்பு ஆணையம் 1996-இல் விதி போட்டது. போனுக்குள்ளேயே அளக்கும் முறை என்றால் 67 சதவீத அழைப்புகளில் 50 மீட்டருக்குள் வர வேண்டும், நெட்வொர்க்கே அளந்தால் 100 மீட்டருக்குள் வந்தால் போதும் என்று பின்னர் அளவு வைத்தார்கள். போட்டி சூடு பிடித்தது. அன்றைக்கு மொபைலில் இரண்டு போட்டித் தொழில்நுட்பம், சிடிஎம்ஏ ஒன்று, ஜிஎஸ்எம் இன்னொன்று. சிடிஎம்ஏ நெட்வொர்க்குகளுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம், அந்தத் தொழில்நுட்பத்துக்கே எல்லா டவரும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், அந்த நேரத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்துதான் எடுத்தார்கள். எனவே போன் இரண்டு கோளையும் இரண்டு டவரையும் ஒரே கணக்கில் போட்டுக் கலக்க முடிந்தது. போன் சிப் செய்யும் குவால்காம் நிறுவனம் இதை 'ஜிபிஎஸ்ஒன்' என்ற பெயரில் விற்றது, 2000-இல் ஸ்னாப்ட்ராக் என்ற ஒத்தாசை-ஜிபிஎஸ் நிறுவனத்தை நூறு கோடி டாலர் கொடுத்து வாங்கியது. நம் ஊரில் ரிலையன்ஸ், டாடா இண்டிகாம் சிடிஎம்ஏ போன்களை உன் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும். ஜிஎஸ்எம் டவர்களோ ஆளுக்கு ஒரு மணி காட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் பிசகை அளக்கவே ஊரெல்லாம் தனிப் பெட்டி வைக்க வேண்டியிருந்தது, அமெரிக்க நிறுவனங்கள் முயன்று பார்த்துவிட்டு வேறு வழிக்குப் போய்விட்டன.

4ஜி தரநிலையில் 2009 வாக்கில் இடம் அளக்கவென்றே ஒரு தனி சிக்னலைச் சேர்த்தார்கள். 5ஜியில் 2020-இல் முடிவான பதினாறாவது பதிப்பு ஒருபடி மேலே போய், கடிகாரச் சிக்கலையே சுற்றிக்கொண்டு போகிறது. போன் கூப்பிடும், டவர் பதில் சொல்லும், போய் வந்த மொத்த நேரத்தை அளந்தால் போதும். கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் வரும் வரை எண்ணுவது மாதிரி, எண்ணுகிறவன் கடிகாரம் ஒன்றே போதும். டவருக்கும் டவருக்கும் ஒத்துப்போக வேண்டியதில்லை. அலைவரிசை அகலமும் இதில் கை கொடுக்கிறது. ஜிபிஎஸ்ஸின் பழைய சிக்னல் துண்டு துண்டாக வருகிறது, ஒரு துண்டின் நீளம் சுமார் 293 மீட்டர், துண்டு குட்டையாக இருந்தால் பிரித்துப் பார்ப்பது சுலபம். 4ஜியின் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 15 மீட்டர் வரை பிரித்துப் பார்க்கலாம், 5ஜியின் 100 மெகாஹெர்ட்ஸில் 3 மீட்டர். அதாவது நேரே வந்ததையும் தெறித்து வந்ததையும் தனித்தனியாக அடையாளம் காண வாய்ப்பு அதிகம். ஆனால் தரநிலைப் புத்தகத்தில் இருப்பது வேறு, உன் தெரு டவரில் இயங்குவது வேறு. இதைப் போட்டால் எந்த வாடிக்கையாளரும் பத்து ரூபாய் கூடுதலாகத் தரப் போவதில்லை, பிறகு நிறுவனம் எதற்கு மெனக்கெட வேண்டும்? தாமதத்துக்குத் தொழில்நுட்பத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

சரி, கலப்பது எப்படி? ஊருக்குப் புதுசாகப் போய் வழி கேட்கிறாய் என்று வை. டீக்கடைக்காரர் "இங்கதாம்ப்பா, பக்கத்துல" என்கிறார், துல்லியம் இல்லை, ஆனால் பெரிதாகத் தப்பாகவும் போகாது. பைக்கில் நிற்கும் பையன் "மூணாவது லெஃப்ட், ரெண்டாவது வீடு" என்கிறான், சரியாக இருந்தால் வாசலுக்கே போய்விடலாம், சில சமயம் ஊரே வேறாக இருக்கும். டவர் டீக்கடைக்காரர், செயற்கைக்கோள் பைக் பையன். யாரை எவ்வளவு நம்புவது என்பதற்குத்தான் கணக்கு. பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழாக எடை போடுவார்கள். திறந்த வெளியில் ஜிபிஎஸ் பிழை 10 மீட்டர், டவர் பிழை 50 மீட்டர் என்றால் எடை 25-க்கு 1. கலந்தால் பிழை 9.8 மீட்டராகிறது, டவரால் லாபம் ஒரு சாண். அதே ஆள் உயரக் கட்டிடங்களுக்கு நடுவில் போய் ஜிபிஎஸ் பிழை 60 ஆகிவிட்டால், அதே 50 மீட்டர் டவருடன் கலந்து 38 மீட்டருக்கு இறங்கலாம். மட்டமான இரண்டு சேர்ந்து சுமாரான ஒன்று! இரண்டின் பிழையும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதது என்றால்தான் இந்தக் கணக்கு செல்லும், அதை மறந்துவிடாதே, டவர் சிக்னலும் அதே கட்டிடத்தில் பட்டுத் தெறிப்பதுதான்.

இதை நொடிக்கு நொடி செய்ய, ருடால்ஃப் கால்மன் என்ற பொறியாளர் 1960-இல் எழுதிய கணக்கு முறை இன்றும் ஓடுகிறது, அப்போலோ விண்கலத்துக்கு வழி காட்டியதும் அதுவே. எடை போடுவதைவிட அதில் எனக்குப் பிடித்தது ஆளை வெளியே தள்ளும் வேலை. ஒரே நொடியில் நீ 80 மீட்டர் குறுக்கே பாய்ந்துவிட்டாய் என்று ஒரு கோள் சொல்கிறது, டவர் இல்லை என்கிறது, போனின் அசைவு உணரியும் நீ நடந்துகொண்டுதான் இருக்கிறாய் என்கிறது. அந்தக் கோளின் பேச்சை அந்த நொடிக்குக் கேட்காமல் விட்டுவிடலாம். டவரின் நிஜப் பயன் நகரத்தில் இதுதான் என்பேன், இடத்தைச் சொல்வதைவிட யார் பொய் சொல்கிறார்கள் என்று காட்டிக்கொடுப்பது.

ப்ராஜெக்டுக்கு: 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், பல போன்களில் ஜிபிஎஸ்ஸின் கச்சா அளவுகளை அப்படியே எடுக்க முடிகிறது, அதற்குக் கூகுளின் இலவச 'ஜிஎன்எஸ்எஸ் லாகர்' செயலி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு காந்திபுரம் மாதிரி நெரிசலான தெருவின் இரண்டு நடைபாதையிலும் மாறி மாறி நட. எந்தக் கோள் எப்போது பொய் சொல்கிறது என்று பார்த்தாலே ஒரு செமஸ்டர் ஓடிவிடும். 5ஜி அளவுகளை எடுக்க நிறுவனத்தின் தயவு வேண்டும், அதில் மாட்டிக்கொள்ளாதே.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். கத்திப்பாராவில் மேம்பாலத்தின் மேலே போகும்போது கீழே போவதாகவும், கீழே போகும்போது மேலே போவதாகவும் காட்டுகிறது. – வாசகர், ஆலந்தூர்

பதில்: படுக்கைவாக்கில் இரண்டும் ஒரே இடம்தானே. உயரத்தைச் சொல்வதில் ஜிபிஎஸ் எப்போதுமே கொஞ்சம் மந்தம், கோள்கள் எல்லாம் நமக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. டவரும் உதவாது, எல்லாம் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கின்றன. சில போன்களில் காற்றழுத்தம் அளக்கும் உணரி இருக்கிறது, எட்டு மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் ஒரு மில்லிபார் குறையும், அது கண்டுபிடித்துவிடும். 2024-இல் கூகுள் மேப்ஸ் இந்திய நகரங்களில் மேம்பாலம் வருவதை முன்கூட்டிச் சொல்ல ஆரம்பித்தது, அது நீங்கள் எங்கே ஏற வேண்டும் என்பதற்குத்தான். ஏறினீர்களா என்பதை நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

கேள்வி: நம்முடைய நேவிக் இருக்கும்போது ஏன் அமெரிக்க ஜிபிஎஸ்? – ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: ஐயா, இன்றைய போன் ஜிபிஎஸ்ஸை மட்டும் கேட்பதில்லை. ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ எல்லாவற்றையும் சேர்த்தே கேட்கிறது, சில போன்கள் இந்தியாவின் சொந்த இடங்காட்டும் செயற்கைக்கோள் அமைப்பான நேவிக்கையும் கேட்கின்றன. நேவிக்கை ஏழு கோள் கொண்ட அமைப்பாக வடிவமைத்தார்கள், முதல் கோள் 2013-இல் ஏறியது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரு கோளுக்கு 83 டிகிரி தீர்க்கரேகைக்கு மேலே இடம். சென்னை 80-இல் இருக்கிறது, ஆக அது கிட்டத்தட்ட தலைக்கு மேல் நிற்கும், அடுக்குமாடிகள் அதை அவ்வளவு சுலபமாக மறைக்க முடியாது. டோக்கியோவின் கட்டிடக் காட்டுக்காக ஜப்பான் 2010-இல் 'மிச்சிபிகி' என்று ஒரு கோளை அனுப்பியதே, அது உச்சிவானில் நெடுநேரம் நிற்கும்படி பாதை போட்டார்கள், அதே தந்திரம். ஆனால் நேவிக்கின் பல கோள்களில் அணுக் கடிகாரம் பழுதானது பெரிய அடி. 2023 மே மாதம் உள்நாட்டு ரூபிடியம் அணுக் கடிகாரத்துடன் என்விஎஸ்-01 என்ற புதிய நேவிக் கோள் போனது. 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02 ஒரு வால்வு கோளாறால் சேர வேண்டிய பாதைக்குப் போகவில்லை.

உங்கள் திருநெல்வேலிக்கே ஒரு பங்கு இதில் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு உங்கள் ஊருக்கு அருகில் போவதால் அங்கே புவிக்காந்த ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. மேலே, காற்று மண்டலத்தின் மின்னூட்டம் கொண்ட அடுக்கான அயனி மண்டலம் இந்தப் பகுதியில் சுறுசுறுப்பு அதிகம், அது செயற்கைக்கோள் சிக்னலைத் தாமதப்படுத்தும். இரண்டு அலைவரிசையில் கேட்டால் அந்தத் தாமதத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம்.

கேள்வி: அப்படியானால் என்ன போன் வாங்கலாம்? சுருக்கமாகச் சொல்லுங்கள். – வாசகி, மதுரை

பதில்: விவரக் குறிப்பில் 'எல்5' அல்லது 'இரட்டை அலைவரிசை' என்று இருக்கிறதா பாருங்கள். 2018-இல் ஷாவ்மி மி 8-இல் முதலில் வந்தது, இப்போது நடுத்தர விலையிலும் கிடைக்கிறது. எல்5-இன் சிக்னல் துண்டு பழையதில் பத்தில் ஒரு பங்கு நீளம்தான், தெறித்து வருவதைப் பிரித்துப் பார்க்க வசதி. செட்டிங்கில் வைஃபை ஸ்கேனிங்கை அணைக்காமல் விடுங்கள், வீட்டுக்குள் டவரைவிட அக்கம்பக்கத்து வைஃபை பெட்டிகள்தான் இடத்தை நன்றாகச் சொல்லும். மற்றபடி விலாசத்தில் "பிள்ளையார் கோயில் எதிரில், நீல கேட்" என்று ஒரு வரி சேர்த்து எழுதிவிடுங்கள்.